கஞ்சாவை அளப்பவரை அளப்பது யார்? வாஷிங்டன் மாநில ஆய்வுக்கூடச் சட்டத் திருத்தங்களின் பின்னணி

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய செய்திகளில் "கஞ்சா ஆய்வுக்கூடங்களுக்கான அங்கீகாரத் தேவைகளைத் திருத்தும் மசோதா" என்ற வகைத் தலைப்புகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. படிப்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. நடுவண் அரசு தடைசெய்திருக்கும் ஒரு பொருளைச் சோதிக்கும் கூடத்துக்கு மாநில அரசு எப்படி அங்கீகாரம் வழங்குகிறது என்பது ஒன்று. ஆய்வுக்கூடத் தகுதி என்பது துறை விதிகளிலேயே தீர்ந்துவிடக்கூடிய காரியமாயிற்றே, அதற்குச் சட்டமன்றம் கூடித் திருத்தம் கொண்டுவருவானேன் என்பது மற்றொன்று. வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் அல்ல, சியாட்டில் நகரம் இருக்கும் மேற்குக் கரை மாநிலம்) 2012 முதல் 2024 வரை நடந்ததைப் பின்தொடர்ந்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

## தடையும் உரிமமும் ஒரே மண்ணில்

1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. அதை நீக்காமலேயே, 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநில மக்களும் பொது வாக்கெடுப்பின் மூலம் வயதுவந்தோருக்கான கஞ்சா விற்பனையை அனுமதித்தனர். மாநிலச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற கடை, நடுவண் சட்டத்தின்படி குற்றம் என்ற இந்த இரட்டை நிலை ஆய்வுக்கூடங்களை மூன்று வகையில் பாதிக்கிறது.

1. அமெரிக்காவில் எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சிக்கொல்லியை அடிக்கலாம், விளைபொருளில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று முடிவு செய்வது நடுவண் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. தடைசெய்யப்பட்ட பயிர் என்பதால் கஞ்சாவுக்கு அந்த முகமை எச்ச வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் இருக்கும் வரம்பைக் கஞ்சாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. பழம் வயிற்றுக்குள் போகிறது, கஞ்சா எரிந்து நுரையீரலுக்குள் போகிறது. மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி சூடேறும்போது ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும் என்பது இதற்குப் பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு.

2. கஞ்சா மாதிரியை மாநில எல்லை தாண்டி அனுப்ப முடியாது. ஆகவே சோதனை முழுவதும் மாநிலத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இரு மாநில ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரியைச் சோதித்து விடைகளை ஒப்பிடுவது என்ற எளிய சரிபார்ப்புக்குக்கூட வழியில்லை. போதை தரும் கூறு 0.3 விழுக்காட்டைத் தாண்டாத சணல்வகைக் கஞ்சாச் செடி 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தால் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியதால், ஒப்பீட்டுப் பயிற்சிகளுக்கு இப்போது பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

3. குடிநீரில் ஈயத்தை எந்த முறையில் அளக்க வேண்டும் என்பதற்கு நடுவண் அரசு ஏற்ற செய்முறைகள் உண்டு. கஞ்சாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மற்ற பொருட்களில் நடுவண் விதி, தேசியச் செய்முறை, பல்லாண்டு வழக்கம் எல்லாம் சேர்ந்து தாங்கும் பாரத்தைக் கஞ்சாவில் மாநிலச் சட்டத்தின் ஒரே ஒரு வாக்கியம் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் பிசகினால் துறை விதியால் அதைச் சரிசெய்ய முடியாது. விதியை இயற்றும் அதிகாரமே அந்த வாக்கியத்திலிருந்துதான் வருகிறது.

## மூன்று சொற்களைப் பிரித்தறிதல்

செய்திகளில் உரிமம், சோதனைச் சான்று, அங்கீகாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்து புழங்குகின்றன. தொழிலை நடத்தலாம் என்ற அரசின் அனுமதி உரிமம். "இந்தச் சரக்கில் இன்னது இவ்வளவு இருந்தது" என்று ஆய்வுக்கூடம் தரும் தாள் சோதனைச் சான்று. அந்தத் தாளைத் தரும் திறமை இந்தக் கூடத்துக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்வது அங்கீகாரம்.

உலகெங்கும் ஆய்வுக்கூட அங்கீகாரத்துக்கு அடிப்படையாக இருப்பது ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநிலை. 1999இல் வெளிவந்து 2005இலும் 2017இலும் திருத்தப்பட்டது. நம் ஊர் ஆய்வுக்கூடப் பலகைகளில் காணும் என்.ஏ.பி.எல். முத்திரைக்குப் பின்னாலும் சோதனைக் கூடங்களைப் பொறுத்தவரை இதே தரநிலைதான் இருக்கிறது. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடைப்பதில்லை என்பதுதான். குறிப்பிட்ட பொருளில் குறிப்பிட்ட சோதனையைச் செய்வதற்கே அது கிடைக்கிறது. தண்ணீரில் உலோகம் அளக்க அங்கீகாரம் பெற்ற கூடம், அதை வைத்துக்கொண்டு பிசின் நிறைந்த கஞ்சா மொட்டில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளக்க உரிமை கோர முடியாது. செடியின் பிசினும் நறுமணப் பொருட்களும் கருவியின் அளவீட்டில் குறுக்கிடும். அவற்றை விலக்கி அளக்கத் தனித் தேர்ச்சி வேண்டும்.

## சீட்டில் இருக்கும் ஓர் எண்

கடையில் விற்கும் கஞ்சாப் பொட்டலத்தில் வாங்குபவர் முதலில் பார்ப்பது போதை தரும் பொருளான டி.எச்.சி.யின் விழுக்காட்டை. பசுஞ்செடியில் டி.எச்.சி. மிகக் குறைவு, அதன் முன்வடிவமான டி.எச்.சி.ஏ. என்ற அமிலமே மிகுதி. சூடேறும்போது அந்த அமிலம் கரியமில வாயுவை இழந்து டி.எச்.சி.யாக மாறுகிறது. அமிலத்தின் மூலக்கூறு எடை சுமார் 358, டி.எச்.சி.யின் எடை சுமார் 314. ஆகவே அமிலத்தின் அளவை 0.877 ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டி.எச்.சி.யோடு கூட்டினால் மொத்த அளவு கிடைக்கும். 20 விழுக்காடு அமிலமும் 1 விழுக்காடு டி.எச்.சி.யும் இருந்தால் மொத்தம் 18.54.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் விடை ஏன் கூடத்துக்குக் கூடம் மாறுகிறது? மொட்டில் 12 விழுக்காடு ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரத்தோடு எடை போட்டால் 18.54, ஈரத்தைக் கழித்த உலர் எடையில் கணக்கிட்டால் அதே மொட்டு 21.07 காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் சீட்டில் இரண்டரை விழுக்காடு ஏறிவிட்டது. செடியின் உச்சி மொட்டை மட்டும் பறித்து அனுப்புவது, கருவியைத் தரப்படுத்துவதில் தளர்வாக இருப்பது, பலமுறை சோதித்து உயர்ந்த விடையை மட்டும் எழுதுவது ஆகியவற்றையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். எந்த அடிப்படையில் கணக்கிட வேண்டும், எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்பதை யாராவது எழுதிவைத்தாக வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதே வாஷிங்டன் மாநிலத்தின் பிரச்சினை.

## மதுபான வாரியத்திடம் போன வேதியியல்

2012இல் வாக்காளர்கள் ஏற்ற 502ஆம் எண் முன்மொழிவு, உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கின் மாதிரியைச் சுதந்திரமான மூன்றாம் தரப்பு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், அந்தக் கூடம் மாநில மதுபானக் கட்டுப்பாட்டு வாரியம் வகுக்கும் அங்கீகாரத் தேவைகளை நிறைவு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. சோதனையைக் கட்டாயமாக்கிய வகையில் அது நல்ல சட்டம்தான். தகுதியை வகுக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தது என்பதில்தான் சறுக்கியது.

அந்த வாரியம் அமெரிக்க மதுவிலக்கு முடிவுக்கு வந்த காலத்தில், 1930களில் தோன்றியது. மாநிலத்தின் மதுக்கடைகளை நடத்துவது அதன் முதன்மை வேலைகளில் ஒன்று. 2011இல் நடந்த வேறொரு வாக்கெடுப்பு அந்தக் கடைகளைத் தனியாருக்கு மாற்றிவிட, 2012 ஜூனில் வாரியம் கடைகளை இழந்தது. ஐந்தே மாதத்தில் கஞ்சா வந்து சேர்ந்தது. 2015இல் அதன் பெயரே மதுபான மற்றும் கஞ்சா வாரியம் என்று மாறியது. உரிமம் கொடுப்பது, வரி கணக்குப் பார்ப்பது, சிறார்களுக்கு விற்பவர்களைப் பிடிப்பது ஆகியவற்றில் அதற்குப் பழக்கம் உண்டு. ஆய்வுக்கூடங்களை மதிப்பிடும் அமைப்பு அதனிடம் இருக்கவில்லை. எனவே வெளி நிறுவனம் ஒன்றை ஒப்பந்தத்தில் அமர்த்தி, ஆய்வுக்கூடங்களுக்குச் சான்றளிக்கும் வேலையை அதனிடம் விட்டது. 2014 ஜூலையில் கடைகள் திறந்தன.

தவறு தெரிந்தவுடன் திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். வாஷிங்டன் அரசியலமைப்பின்படி, மக்கள் முன்மொழிவாக நிறைவேறிய சட்டத்தை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை இல்லாமல் சட்டமன்றம் தொட முடியாது. அந்தக் காலம் கழிந்த பிறகு மருத்துவக் கஞ்சாவைப் பொதுச் சந்தையோடு இணைப்பது போன்ற பெரிய பூசல்கள் முன்னே நின்றன. ஆய்வுக்கூடம் வரிசையில் பின்னே போனது.

2018இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று நிலைமையை வெளிச்சமாக்கியது. மாநிலத்தின் சரக்குப் பின்தொடர்வுத் தரவுகளை எடுத்து ஆராய்ந்த அதன் ஆசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் அறிவிக்கும் டி.எச்.சி. அளவுகளில் ஒழுங்கான, தொடர்ச்சியான வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். சில கூடங்கள் எப்போதும் கூடுதலாகவும் சில எப்போதும் குறைவாகவும் காட்டின. தற்செயல் பிழை என்றால் இரு பக்கமும் சிதறும். ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குக் காரணம் முறையில் இருக்கிறது, அல்லது மனத்தில் இருக்கிறது.

சாய்வுக்கான தூண்டுதல் ஒன்றும் ரகசியம் அல்ல. ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பவரும் கட்டணம் கொடுப்பவரும் உற்பத்தியாளர். விழுக்காடு கூடினால் கடையில் விலை கூடுகிறது. நேர்மையாகக் குறைந்த எண்ணைச் சொல்லும் கூடம் அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளரைப் பக்கத்துக் கூடத்தில் பார்க்கும். எல்லா ஆய்வுக்கூடங்களும் அப்படி நடந்தன என்பதல்ல. அப்படி நடக்காதவை நட்டப்பட்டன என்பதே கூடுதலாகக் கவலைக்குரியது.

## 2019: முதல் திருத்தம்

2019இல் நிறைவேறிய 2052ஆம் எண் கீழவை மசோதா மூன்று காரியங்களைச் செய்தது.

1. அங்கீகாரம் வழங்கும் பொறுப்பை வாரியத்திடமிருந்து மாநிலச் சூழலியல் துறைக்கு மாற்றியது. மாற்றம் முழுமையாக நடக்க 2024 ஜூலை 1 வரை அவகாசம் தந்தது.

2. உரிமம், கண்காணிப்பு, தண்டனை ஆகியவற்றை வாரியத்திடமே விட்டது.

3. சூழலியல், வேளாண்மை, சுகாதாரம் ஆகிய துறைகளும் வாரியமும் துறைசார் வல்லுநர்களும் சேர்ந்த கஞ்சா அறிவியல் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

சூழலியல் துறையைத் தேர்ந்தது பொருத்தமே. நீர், மண், காற்று மாதிரிகளைச் சோதிக்கும் கூடங்களுக்கு அது நெடுங்காலமாக அங்கீகாரம் வழங்கிவருகிறது. குடிநீர் ஆய்வுக்கூடங்களையும் அதுவே மதிப்பிடுகிறது. தணிக்கைக்குப் போகும் ஆட்களும், கூடத்தின் திறமையைச் சோதிக்க விடை தெரிந்த மாதிரியை (தேர்ச்சி மாதிரி) அனுப்பும் பழக்கமும் அதனிடம் ஏற்கெனவே உண்டு.

ஆனால் ஒரு நுட்பமான ஓட்டை இருந்தது. அங்கீகரிப்பவர் ஏற்கெனவே எழுதப்பட்ட செய்முறையைக் கையில் வைத்துக்கொண்டு, கூடம் அதன்படி நடக்கிறதா என்றுதான் பார்ப்பார். தண்ணீர் விஷயத்தில் செய்முறையை நடுவண் முகமை எழுதிக் கொடுத்துவிடுகிறது. கஞ்சாவில் எழுதுவார் இல்லை. அளவுகோல் இல்லாத கைக்கு அளக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது போல் ஆயிற்று. ஐந்தாண்டு அவகாசமும் பணிக்குழுவும் தேவைப்பட்டது இதனால்தான்.

## 2022: திருத்தத்துக்குத் திருத்தம்

2022இன் 1859ஆம் எண் கீழவை மசோதா அந்த ஓட்டையை அடைத்தது. தரநிலைகளை எழுதும் பொறுப்பு வேளாண் துறைக்குப் போனது. வேளாண் துறை, சுகாதாரத் துறை, வாரியம் ஆகியவை சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழு உருவானது. அந்தத் திருத்தம் வகுத்த பங்கீடு இப்படி இருந்தது: எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுதுவது வேளாண் துறை; அப்படிச் சோதிக்கத் தெரிந்தவரா என்று பார்ப்பது சூழலியல் துறை; எதைச் சோதிக்க வேண்டும், மீறினால் என்ன தண்டனை என்பது வாரியம்; உடல்நலம் சார்ந்த ஆலோசனை சுகாதாரத் துறை. ஒரு பொட்டலத்துக்கு நான்கு அலுவலகங்கள் என்று கேலி செய்யலாம். எழுதுபவரும் மதிப்பிடுபவரும் தண்டிப்பவரும் வெவ்வேறாக இருந்தது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2024இல் நிறைவேறிய 2151ஆம் எண் கீழவை மசோதா அங்கீகாரப் பொறுப்பையும் வேளாண் துறைக்கே மாற்றியது.

2022இலேயே நிறைவேறிய 1210ஆம் எண் மசோதாவை 1859ஆம் எண் மசோதாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மாநிலச் சட்டங்களில் "மரிஹுவானா" என்று இருந்த இடங்களில் எல்லாம் "கனபிஸ்" என்று மாற்றியதே அதன் வேலை. ஆய்வுக்கூடப் பிரிவிலும் அதனால் சொற்கள் மாறின, பொருள் மாறவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவருக்கு எது உண்மையான திருத்தம் என்பது புரியாமல் போகும்.

வாரியத்தின் விதிகளும் 2022இல் இறுகின. பொதுச் சந்தைச் சரக்குகளுக்கு அதுவரை கட்டாயமில்லாதிருந்த பூச்சிக்கொல்லிச் சோதனை ஏப்ரலில் கட்டாயமானது. செலவு உயர்வதை ஈடுகட்ட, ஒரு சோதனைத் தொகுதியின் உச்ச எடை 5 பவுண்டிலிருந்து 50 பவுண்டாக உயர்ந்தது. அதாவது இரண்டேகால் கிலோவுக்கு ஒரு சான்று என்பது இருபத்திரண்டரை கிலோவுக்கு மேல் ஒரு சான்று என்றாயிற்று. தொகுதி பெரிதாக ஆக, எடுக்கும் சிறு மாதிரி முழுத் தொகுதியையும் ஒத்திருக்கிறதா என்ற கேள்வியும் பெரிதாகும். ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குத்தான் பொருந்தும்.

## மற்ற மாநிலங்களில் இதே முடிச்சு

ஓரிகன் மாநிலம் 2013இல் மருத்துவக் கஞ்சாக் கடைகளை அனுமதித்தபோது பூச்சிக்கொல்லிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதிக்கும் கூடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சோதனையில் தேறியதாக விற்கப்பட்ட சரக்குகளில் பூச்சிக்கொல்லி இருப்பதை 2015இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று வெளிக்கொண்டுவந்தது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தின் கீழ் கஞ்சாக் கூடங்கள் வந்தன. புதிய விதிகள் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அங்கீகாரம் பெற்ற கூடங்கள் போதாமல் சரக்கு தேங்கியதால், இரண்டே மாதத்தில் தற்காலிகத் தளர்வு கொடுக்க நேர்ந்தது. 2019 ஜனவரியில் மாநிலத் தணிக்கை அறிக்கை அந்த அங்கீகாரத் திட்டத்துக்குப் போதிய ஆட்கள் இல்லை என்றது.

அரிசோனாவில் 2010இன் மருத்துவக் கஞ்சாச் சட்டத்தில் சோதனை என்ற பேச்சே இல்லை. அங்கே மக்கள் வாக்கால் வந்த சட்டத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். சட்டத்தின் நோக்கத்தை அது மேலும் நிறைவேற்றவும் வேண்டும். 2019இல்தான் அந்த ஆதரவு கூடியது. சோதனை 2020 நவம்பரில் தொடங்கியது.

கலிஃபோர்னியா ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அங்கே சிக்கல் வேறு. கூடம் வேலை செய்வதைப் பார்த்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். அங்கீகாரம் இருந்தால்தான் கஞ்சாவைக் கையில் தொட்டு வேலை செய்ய உரிமம் கிடைக்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இடைக்கால உரிமம் என்ற ஏற்பாட்டால் அதை அவிழ்த்தார்கள். அங்கீகாரம் பெற்ற கூடங்களுக்குள்ளேயும் டி.எச்.சி. எண்கள் ஊதிப்போகும் புகார் எழவே, 2021இன் 544ஆம் எண் மேலவை மசோதா எல்லாக் கூடங்களும் ஒரே செய்முறையில் அளக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

## அங்கீகாரத்தால் ஆகாதவை

அங்கீகாரத் தணிக்கை கூடத்தின் திறமையைச் சோதிக்கிறது, நாள்தோறும் அது நடக்கும் விதத்தை அல்ல. தேர்ச்சி மாதிரி வந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எல்லோரும் கவனமாகத்தான் அளப்பார்கள். கடைத் தட்டிலிருந்து அரசே பொட்டலத்தை வாங்கி, தன் சொந்தக் கூடத்தில் மறுபடி சோதித்துச் சீட்டோடு ஒப்பிடுவதே இதற்கு மாற்று.

பட்டியலில் இல்லாததையும் அங்கீகாரம் தேடித் தராது. 2023இல் வாஷிங்டனின் ஒகனோகன் ஆற்றோரப் பண்ணைகள் சிலவற்றின் கஞ்சாவில் டி.டி.ஈ. கண்டுபிடிக்கப்பட்டு, வாரியம் அவற்றின் விற்பனையை நிறுத்திவைத்தது. அது 1972இல் அமெரிக்கா தடைசெய்த டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து உருவாகும் பொருள். அந்த நிலங்கள் ஒரு காலத்தில் பழத்தோட்டங்கள். இப்போதைய விவசாயி எதையும் அடிக்கவில்லை, அரை நூற்றாண்டுக்கு முந்தைய மருந்து மண்ணிலேயே தங்கி இருந்திருக்கிறது.

மூன்றாவது, பணம். 2019, 2022 ஆகிய இரு திருத்தங்களும் யார் மதிப்பிடுவது, எதை வைத்து மதிப்பிடுவது என்ற இரண்டையும் மாற்றின. யார் கட்டணம் கொடுப்பது என்பதைத் தொடவில்லை. கலிஃபோர்னியாவில் ஆய்வுக்கூட ஊழியரே கிடங்குக்கு வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்றாவது இருக்கிறது. வாஷிங்டனின் மாதிரி எடுக்கும் விதிகள் உற்பத்தியாளரை முன்வைத்து எழுதப்பட்டவை: மொட்டைத் தெரிந்தெடுப்பவர் அவர், கூடத்தைத் தெரிந்தெடுப்பவர் அவர், காசோலையில் கையெழுத்திடுபவரும் அவர்.